கூப்பிட்டால் வராத நாயைக் கடற்கரையில் அவிழ்த்துவிடலாமா?

கேள்வி இதுதான்: வீட்டில் சொன்னபடி கேட்கிற நாய், கடற்கரையில் சங்கிலியைக் கழற்றியதும் ஆளே மாறிவிடுகிறது, கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை, எல்லா நாய்களும் இப்படித்தானா?

முதல் சில நாட்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். நான் திருகோணமலையில் அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன். ஏழு வருடமாக விடிய ஐந்தரைக்கு இரண்டு நாய்களோடு உப்புவெளிக் கரையில் நடக்கிறேன். மணி லேப்ரடோர் கலப்பு, மச்சான் கொழும்பிலிருந்து கொண்டுவந்து தந்தது. சாப்பாடு என்றால் உயிரை விடும். செம்பன் ஊர் நாய். கரைவலைக்காரர் தங்குகிற வாடிக் கொட்டிலுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குக் கீழே கிடந்த குட்டி. இந்த இரண்டையும் பார்த்துப் படித்ததைத்தான் எழுதுகிறேன். நான் மிருக வைத்தியரும் இல்லை, நாய் பழக்குகிறவரும் இல்லை.

அவிழ்த்ததும் முதல் ஐந்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு ஓட்டம், ஒரு உதறல், கண்ட முதல் கட்டையில் காலைத் தூக்கல், பிறகு பின்னங்கால்களால் மணலை வாரி இறைத்தல். இந்த மண் இறைப்பை நாய் தன் அசுத்தத்தை மூடுகிறது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். மூடினால் ஏன் எப்போதும் ஒரு முழம் தள்ளிப் போய் விழுகிறது? பாதத்தில் இருக்கிற சுரப்பிகளின் மணத்தை அங்கே தேய்த்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். பின்னால் வருகிற நாய்க்கு எழுதி வைத்த சீட்டு மாதிரி. அடுத்த நாள் அதே கட்டையில் வேறொரு நாய் பதில் போட்டிருக்கும். மணி அரை நிமிடம் நின்று அதை வாசித்து, மேலே தானும் ஒரு சொட்டு விட்டுவிட்டுத்தான் நகரும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான நடை தொடங்கும். அதை நடை என்று சொல்வதே பிழை. நான் நேராகப் போவேன், செம்பன் கோலம் போடும். தண்ணீர் ஓரம், அங்கிருந்து தென்னைக்கு, திரும்பவும் தண்ணீர். நான் ஒரு கிலோமீட்டர் நடந்தால் அது இரண்டுக்குக் குறையாமல் ஓடியிருக்கும். மூக்குத்தான் இழுத்துக்கொண்டு போகிறது. மணத்தை உணரும் கலங்கள் நமக்கு ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். நமக்கு வெறும் மணலாகத் தெரிவது அதற்குச் சந்தை.

இதில் காற்றையும் பார்க்க வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அந்த மாதங்களில் இரண்டும் ஹோட்டல் குசினிப் பக்கமே மூக்கை வைத்துக்கொண்டு நடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் மூக்கு கடல் பக்கம் திரும்பிவிடும். மணி கூப்பிடக் கேட்காத நாட்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் கச்சான் நாட்கள்தான். பொரித்த முட்டைக்கும் என் குரலுக்கும் போட்டி வந்தால் யார் வெல்வது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் நம்மை மறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். செம்பன் ஆரம்பத்தில் முப்பது நாற்பது அடிக்கு ஒருமுறை தலையை மட்டும் திருப்பி நான் வருகிறேனா என்று பார்க்கும். அரைக் கணம்கூட இருக்காது. போனைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் முதல் இரண்டு வருடம் இதை நான் கவனிக்கவே இல்லை. ஒருநாள் சும்மா சோதித்துப் பார்த்தேன். அது முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது சத்தம் போடாமல் ஒரு வள்ளத்துக்குப் பின்னால் குந்தினேன். செம்பன் திரும்பியது. நான் இல்லை. தலையை உயர்த்திக் கரை முழுக்க ஒருமுறை பார்த்தது, பிறகு வந்த வழியே விழுந்தடித்து ஓடி வந்தது. என்னைத் தாண்டிப் போய், சட்டென்று நின்று, மூக்கை மணலில் வைத்து என் செருப்புத் தடத்தைப் பிடித்தது. தடம் வள்ளத்தைச் சுற்றி வந்த மாதிரியே அதுவும் சுற்றி வந்து என் முழங்காலில் மூக்கால் ஒரு இடி இடித்தது. கோபம்தான். அன்றிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. பயந்த சுபாவமுள்ள நாயோடு மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், அது வேறு திசையில் ஓடிவிடும்.

உங்கள் நாயும் திரும்பிப் பார்க்கும். அது பார்க்கிற அந்தக் கணத்தில் "நல்ல பிள்ளை" என்று ஒரு வார்த்தை, கிட்ட வந்தால் ஒரு சின்னத் துண்டுக் கருவாடு. பாணையும் பிஸ்கட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மீன் நாறுகிற கரையில் பாணுக்கு யார் வருவது?

கூப்பிட்டால் வராததற்கு மணி விஷயத்தில் காரணம் நானேதான். அது குட்டியாக இருந்தபோது நடையின் கடைசியில் மட்டும்தான் கூப்பிடுவேன். வந்ததும் சங்கிலி, பிறகு வீடு. ஒரு மாதத்தில் அது கணக்கைப் பிடித்துவிட்டது. கூப்பிட்டால் வரும், ஆனால் சரியாக என் கைக்கு எட்டாத ஆறடியில் வந்து நின்று வாலை ஆட்டும். நான் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி பின்னால் வைக்கும். வேலைக்கு நேரமாகிறது என்று நான் கத்தினேன், துரத்தினேன், ஒருதரம் பிடித்த பிறகு அடியும் போட்டேன். அதைவிட முட்டாள்தனம் இல்லை. வந்ததற்கு அடி என்றால் அடுத்த தரம் ஏன் வரப்போகிறது? அப்புறம் மாற்றினேன். ஒரு நடையில் ஏழெட்டுத் தரம் காரணமில்லாமல் கூப்பிடுவேன், வந்ததும் கழுத்துப் பட்டியை ஒரு கணம் பிடிப்பேன், கருவாடு கொடுப்பேன், "போ" என்று விட்டுவிடுவேன். கூப்பிட்டால் நடை முடியப் போகிறது என்ற எண்ணம் அதற்குப் போக மூன்று மாதம் எடுத்தது. வரவே மாட்டேன் என்கிற அன்று அதற்கு எதிர்ப்பக்கமாக நான் ஓடுவேன். நாம் துரத்தினால் அதற்கு விளையாட்டு, நாம் ஓடினால் அது துரத்தும். காலை ஆறு மணிக்கு ஒரு வளர்ந்த மனிதன் கருவாட்டை ஆட்டிக்கொண்டு கரையில் ஓடுவதை வெள்ளைக்காரர் படம் எடுத்தாலும் எடுக்கட்டும்.

மற்ற நாய்களைப் பற்றிக் கேட்டால், இது நான் எதிர்பார்க்காதது. சண்டை பெரும்பாலும் சங்கிலியில்தான் தொடங்குகிறது. ஹோட்டல்களின் பின்பக்கம், வாடிகளைச் சுற்றி என்று கட்டாக்காலி நாய்கள் ஒவ்வொரு கூட்டமாக இருக்கின்றன. மணியைச் சங்கிலியில் கொண்டுபோன காலத்தில் ஒவ்வொரு கூட்டத்தோடும் குரைத்துத் தொண்டை கிழியும். நாய்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் போய்ச் சந்திப்பதில்லை. வளைந்து, தலையைக் கொஞ்சம் திருப்பி, பக்கவாட்டில் வந்து பின்பக்கத்தை மணந்து பார்க்கும். சங்கிலி அந்த வளைவை எடுக்க விடாது. நாம் பயத்தில் இழுத்துப் பிடிக்க அதன் நெஞ்சு நிமிர்ந்து முன்னங்கால் எழும்புகிறது. எதிரே நிற்கிற நாய்க்கு அது சண்டைக்கு வருகிற கோலமாகத் தெரியும். அவிழ்த்த பிறகு அதே கூட்டத்தை மணி ஒரு அரைவட்டம் போட்டுத் தாண்டிப் போகிறது. இரண்டு மூன்று மணப்பு, ஒரு உதறல், தீர்ந்தது.

வால் ஆடினால் சிநேகம் என்று மட்டும் நம்பாதீர்கள். உயர்த்தி விறைப்பாக வைத்த வாலின் நுனி மட்டும் துடித்தால் கூப்பிட்டு விலக வேண்டிய நேரம் அது. இடுப்போடு சேர்ந்து ஆடுகிற வால் வேறு. முன்னங்கால்களை நீட்டி நெஞ்சை மணலில் பதித்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் "வா விளையாடுவோம்" என்று பொருள். நல்ல விளையாட்டில் துரத்துகிறவரும் ஓடுகிறவரும் மாறி மாறி வருவார்கள். செம்பன் தன்னைவிடச் சின்ன நாய்க்கு முன்னால் தானே மல்லாந்து விழுந்து கொடுக்கும். ஒரே நாய் மட்டும் திரும்பத் திரும்ப அமுக்கப்பட்டால் அது விளையாட்டில்லை, பிரித்துவிடுங்கள்.

சரி, எங்கே அவிழ்க்கக் கூடாது? நகரத்துக்குள் இருக்கிற டச்சுக் குடாக் கரையில். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஊருக்குள் புள்ளிமான் திரிவது எங்களுக்குச் சாதாரணம். கோட்டைக்குள்ளிருந்து இறங்கி வந்து கடற்கரை வீதியில் நிற்கும், கோணேசர் கோயிலுக்குப் போகிற சனத்திடம் வாழைப்பழம் வாங்கித் தின்னும். ஒரு ஞாயிறு விடிய அங்கே யாரும் இல்லையே என்று செம்பனை அவிழ்த்துவிட்டேன். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தது திடீரென்று வாயை மூடியது. அதைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை, வாய் மூடியதை. காதுகள் இரண்டும் முன்னால். ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடி அந்தரத்தில். வால் அசையவில்லை. நான் அதன் பார்வை போன திசையைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகு மதிலோரத்து நிழலில் ஒரு காது ஆடியது. குட்டியோடு ஒரு பெண்மான். நான் "செம்பா" என்று வாயெடுப்பதற்குள் அது மானைத் துரத்திப் போய்விட்டது.

ஏழு வருடத்தில் நான் பழக்கிய எதுவும் அந்த இருபது கணத்தில் அதற்குக் கேட்கவில்லை. ஓநாயிடமிருந்து வந்த வேட்டை வரிசை அது: பார், பதுங்கு, துரத்து, பிடி. துரத்தத் தொடங்கிய பிறகு குரல் பயன்படாது. பார்க்கிற கட்டத்தில், அந்த வாய் மூடுகிற கணத்தில், கூப்பிட்டால்தான் உண்டு. நல்லவேளையாக மான் மதிலைச் சுற்றித் திரும்ப, தேநீர்க்கடைக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா தும்புத்தடியை நீட்டிச் செம்பனை மறித்தார். பிறகு எனக்கும் விழுந்தது. "தம்பி, உங்கட நாய்க்கு அறிவில்ல, சரி. உங்களுக்குமா?" நான் வாய் திறக்கவில்லை. மான் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பது ஒரு பக்கம். அந்த மான்குட்டி நாயின் வாயில் அகப்பட்டிருந்தால் ஊருக்குள் நான் எந்த முகத்தோடு நடப்பது?

உப்புவெளிப் பக்கம் மான் தொல்லை இல்லை, ஆனால் வலை இருக்கிறது. வலையின் மடி கரைக்கு வந்ததும் விலைபோகாத மீனை மணலில் எறிவார்கள். அதில் பேத்தை கிடக்கும், வயிறு ஊதி, முள்ளும் சொரசொரப்புமாக. காய்ந்த பேத்தையும் நஞ்சுதான், நாயைக் கொன்றுவிடும். மணி மாதிரி வாய் வைக்கிற நாயென்றால் வலை இழுக்கிற இடத்துக்கு நூறடி முன்னாலேயே சங்கிலியைப் போட்டுவிடுங்கள். வலையில் நாய் கால் வைப்பதை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரும் விரும்பமாட்டார், நியாயம்தானே. ஒரு போத்தல் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள், இல்லையென்றால் கடல்நீரைக் குடித்துவிட்டு வீடு முழுக்க வயிற்றாலே போகும். ஒன்பது மணிக்குப் பிறகு மணல் சுடும். உங்கள் புறங்கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

மனிதர்கள் வந்தால் யாராக இருந்தாலும் நான் கூப்பிட்டுப் பிடித்துவிடுவேன். "ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்" என்று தூரத்திலிருந்து கத்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பயம் உள்ளவருக்கு அது என்ன ஆறுதல்? தொழுகைக்குப் போகிறவரின் உடுப்பில் நாய் வாய் வைத்தால் அவர் திரும்பப் போய்க் கழுவ வேண்டும். கோயிலுக்குத் தோய்ந்துவிட்டுப் போகிறவருக்கும் அப்படித்தான். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வருடா வருடம் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் அவிழ்க்கவே வேண்டாம். தப்பித் தவறி எந்த நாயாவது கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோப்பித்தூள் அப்புகிற வேலை வேண்டாம்.

உங்கள் நாயின் வயதை நீங்கள் எழுதவில்லை. எட்டு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் என்றால் அது விடலைப் பருவம், நேற்றுக் கேட்டதை இன்று கேட்காது. அந்தக் காலம் முடியும்வரை பத்து மீட்டர் நைலோன் கயிற்றைக் கழுத்தில் போடாமல் நெஞ்சுப் பட்டியில் கட்டி, மணலில் இழுபட விடுங்கள். ஓடினால் கயிற்றின் நுனியை மிதித்தால் போதும், ஆனால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள், உள்ளங்கை உரியும். பெட்டை நாயென்றால் அது இணை தேடுகிற மூன்று வாரமும் அவிழ்க்காதீர்கள், உப்புவெளியில் உள்ள கடுவன் எல்லாம் உங்கள் கேற்றடியில் படுத்திருக்கும். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கீழே எழுதினால் இன்னும் விவரமாகச் சொல்கிறேன்.