தோற்றவரின் பேரன் எழுதவைத்த சாகா (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஒரு நார்வே படம் பார்த்தேன். கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு இரண்டு வீரர்கள் பனிச்சறுக்கில் மலை தாண்டுகிறார்கள். அந்தக் குழந்தைதான் பின்னாளில் அரசர் ஹோகன் ஹோகன்சன் என்று தெரிந்ததும் தேடிப் படித்தேன். ஆனால் மனம் ஒட்டிக்கொண்டது அவருடைய எதிரியிடம். 1239-ல் தன்னை அரசரென்று அறிவித்து, அடுத்த ஆண்டே கொல்லப்பட்ட ஸ்கூலே போர்ட்சன். முறைப்படி பிறந்தவர், இறந்துபோன அரசரின் தம்பி. மறுபக்கம், தகப்பன் யார் என்று நிரூபிக்கத் தாய் காய்ச்சிய இரும்பைப் பிடிக்க வேண்டியிருந்த ஒரு சிறுவன். நியாயம் யார் பக்கம்? ஆனால் வரலாறு என்பது வென்றவர்கள் எழுதுவதுதானே, ஸ்கூலேயின் தரப்பு நமக்குக் கிடைக்கவே போவதில்லை, இல்லையா? சாகாக்களை, அதாவது அந்தக் காலத்து ஐஸ்லாந்து மொழி உரைநடை வரலாறுகளை, படிக்கலாம் என்றால் எந்த மொழிபெயர்ப்பு? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வீட்டில் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டாம். படிக்கிறவன் எதற்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. மொழிபெயர்ப்பு பற்றி: ஆங்கிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்ததே போதும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொழி கொஞ்சம் பழையது, இருபது பக்கத்தில் பழகிவிடும்.

நியாயம் யார் பக்கம் என்பதையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 1217-ல் அரசர் இங்கி இறந்தபோது ஸ்கூலேக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். படை நடத்தத் தெரிந்தவர். ஹோகனுக்குப் பதின்மூன்று. நீதாரோஸ் (இன்றைய த்ரோண்ட்ஹைம்) தேவாலயத்தின் குருமார்கள் அன்று, அரசரை ஏற்கும் சடங்குக்கு வேண்டிய புனித ஓலாவின் பேழையைக்கூட வெளியே கொண்டுவர மறுத்தார்கள், பையனின் பிறப்பில் அவ்வளவு சந்தேகம். ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. இங்கிக்கு அரச ரத்தம் தாய்வழியாக வந்தது. ஸ்கூலேயின் தாய் வேறு. தகப்பன் வழியில் மட்டும்தான் அவர்கள் அண்ணன் தம்பி. ஹோகனோ அரசர் ஸ்வெர்ரெயின் பேரன். 1218-ல் பெர்கனில் அவருடைய தாய் இங்கா இரும்பைச் சுமந்தாள், கட்டு அவிழ்த்தபோது கை சுத்தமாக இருந்தது, ஆகவே அவள் சொன்னது உண்மை என்றார்கள். 1223-ல் அதே பெர்கனில் கூடிய பெருஞ்சபையில் பல பகுதிகளின் சட்டமறிந்தவர்களும் எழுந்து ஹோகனே அரசர் என்றார்கள். அந்தக் காலத்தின் அளவுகோல்படி வழக்கு அங்கேயே முடிந்தது. ஸ்கூலே 'யார்ல்' என்ற, அரசருக்கு அடுத்த பதவியில் இருந்தார், நாட்டில் மூன்றில் ஒரு பங்கு அவர் கையில் இருந்தது, 1225-ல் மகள் மார்கிரேத்தையை ஹோகனுக்கே கட்டிக்கொடுத்தார், 1237-ல் நார்வேயின் முதல் ட்யூக் ஆனார். இத்தனைக்கும் பிறகு, ஏறக்குறைய ஐம்பது வயதில், அரசர்களை ஏற்றுக்கொள்ளும் நீதாரோஸின் ஓயரா சபையில் அரசர் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த மனிதர்மேல் பிரியம் உண்டு. அதற்காக அவர் பக்கம் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன். 'வரலாறு என்பது வென்றவர்கள் எழுதுவதுதானே.' இதை எத்தனை கடிதங்களில் பார்த்துவிட்டேன்! படித்து முடித்தவர்கள் இதைச் சொன்னால் சரி, உட்கார்ந்து பேசலாம். பெரும்பாலும் படிக்காமலிருப்பதற்குத்தான் சொல்கிறார்கள். எழுதியவன் கூலிக்காரன் என்று முடிவு கட்டிவிட்டால் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாமே. நீங்கள் சாகாவைத் திறப்பதற்கு முன்பே அதில் என்ன இருக்கும் என்று எனக்குச் சொல்கிறீர்கள். இது சோம்பேறித்தனம் ஆர். அக்கறையுள்ள வாசகரான உங்களிடம் இதைப் பார்ப்பது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இந்த சாகாவை எழுதியது யார் என்று பாருங்கள். ஸ்துர்லா தோர்தார்சன், ஐஸ்லாந்துக்காரர். ஸ்னோர்ரி ஸ்துர்லுசனின் அண்ணன் மகன். நார்வே அரசர்களின் வரலாற்றை எழுதிய அதே ஸ்னோர்ரிதான். ஸ்னோர்ரி ஸ்கூலேயின் நண்பர். இரண்டு முறை நார்வேக்கு வந்து அவரோடு தங்கியிருக்கிறார். 1239-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் யாரும் கிளம்பக்கூடாது என்று அரசர் தடை போட்டபோது, ஊருக்குப் போகத்தான் போகிறேன் என்று கப்பலேறிவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்கூலேயின் கலகம் வந்தது. பிறகு ஹோகனின் கடிதம் ஐஸ்லாந்தில் கிஸ்ஸூர் என்ற தலைவரின் கைக்கு வந்தது: ஸ்னோர்ரியை நார்வேக்கு அனுப்பு, முடியாவிட்டால் கொன்றுவிடு. 1241 செப்டம்பரில் ரெய்க்ஹோல்ட் வீட்டின் நிலவறையில் ஐந்து பேர் இறங்கினார்கள். 'வெட்டக்கூடாது' என்றார் ஸ்னோர்ரி. வெட்டினார்கள்.

அந்தச் சித்தப்பாவின் அண்ணன் மகன்தான் ஹோகனின் வரலாற்றை எழுதுகிறார். 1263-ல் அவர் நார்வேக்கு வந்தது செல்வாக்கெல்லாம் இழந்து, அரசரின் கோபத்துக்கு ஆளானவராக. ஹோகன் ஸ்காட்லாந்துப் போருக்குப் போயிருந்தார், திரும்பவே இல்லை, ஆர்க்னித் தீவில் இறந்தார். மகன் மாக்னுஸ் முதலில் ஸ்துர்லாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கப்பலில் இரவு மாலுமிகளுக்கு ஸ்துர்லா ஓர் அரக்கியின் கதையைச் சொல்ல, முன்பக்கத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அங்கே என்ன கூட்டம் என்று அரசி கேட்டாள். மறுநாள் அவளுக்காகவும் அதே கதையைச் சொன்னார். அப்படித்தான் அரசர் மனம் இளகியது. கதை சொல்லிப் பிழைத்த மனிதர். அவர் கையில்தான் ஹோகனின் சாகாவை எழுதும் வேலையை மாக்னுஸ் கொடுத்தார்.

வென்றவர் மகன் எழுதச் சொன்னது, பார்த்தீர்களா என்பீர்கள். மாக்னுஸின் தாய் யார்? மார்கிரேத்தை. ஸ்கூலேயின் மகள். எழுதச் சொன்னவர் வென்றவருக்கு மகன், தோற்றவருக்குப் பேரன். எழுதப்பட்டபோது மார்கிரேத்தை உயிரோடு இருந்தாள். சில ஆண்டுகள் கழித்து, தன் தகப்பன் ரெய்னில் நிறுவிய கன்னிமடத்துக்கே போய்ச் சேர்ந்தாள். தாத்தாவை எதிரியாகக் காட்டாமலும் முடியாது, கேவலப்படுத்தவும் முடியாது. எழுதுகிறவருக்கோ கொலையுண்ட சித்தப்பா. இதில் 'வென்றவர்' யார் என்று விரல் நீட்டிக் காட்டுங்கள், பார்க்கலாம்.

சாய்வு இல்லையா? இருக்கிறது. முதல் பாதியில் எந்தச் சச்சரவு வந்தாலும் ஸ்கூலே பக்கமிருந்துதான் வரும், அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று ஸ்துர்லா சொல்ல மாட்டார். ஆனால் கலகச் செய்தி வந்த இடத்துக்கு வாருங்கள். தூதுவர்களிடம் கேட்டுக்கொண்டு அரசர் ஹோகன் படுக்கையறைக்குப் போகிறார். மார்கிரேத்தை என்ன செய்தி என்று கேட்கிறாள். நார்வேயில் இப்போது இரண்டு அரசர்கள் என்கிறார். முறையான அரசர் ஒருவர்தான், அது நீங்கள்தான் என்கிறாள். உன் அப்பா ஓயராவில் அரசர் பெயர் எடுத்துவிட்டார் என்கிறார் அவர். அப்படி இருக்காது, கடவுளுக்காக, முடிந்தவரை இதை நம்பாதீர்கள் என்று சொல்லி அழுகிறாள், மேலே பேச்சு வரவில்லை. தகப்பன் செய்ததற்கு நீ பொறுப்பில்லை என்று அரசர் தேற்றுகிறார். அவ்வளவுதான் காட்சி. தகப்பனைத் திட்டும் வசனம் ஒன்றுகூட அவள் வாயில் இல்லை. வெறும் அரசாங்கப் புகழ்ச்சி எழுதுகிறவன் அங்கே ஸ்கூலேயை அவளைக்கொண்டே சபிக்க வைத்திருப்பான்.

அப்புறம் முடிவு. 1240 வசந்தத்தில் லோக்காவில் ஸ்கூலே ஜெயித்தார், ஏப்ரலில் ஓஸ்லோவில் தோற்றார். அவரும் ஆட்களும் நீதாரோஸுக்குத் தப்பி, ஆற்றுக்கு அக்கரையில் எல்கெசெத்தர் துறவி மடத்தில் ஒளிந்தார்கள், துறவிகளின் அங்கியைப் போட்டுக்கொண்டு. பேராயர் இடையில் நின்று பேசிப் பார்த்தார், அரசரைச் சந்திக்கவாவது விடுங்கள் என்று. அரசர் அங்கே இல்லை, அவர் ஆட்களுக்குக் காத்திருக்க மனமில்லை. மடத்துக்குத் தீ வைத்தார்கள். மே 24. ஸ்கூலே வெளியே வந்தார், கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, முகத்தில் மட்டும் வெட்டாதீர்கள், தலைவர்களை அப்படிச் செய்வது வழக்கமில்லை என்றார்.

நான் அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன். இன்றைய த்ரோண்ட்ஹைமில் எல்கெசெத்தர் ஒரு பரபரப்பான சாலை. மாணவர்கள் சைக்கிளில் போகிறார்கள், பாலத்திலிருந்து பார்த்தால் பேராலயத்தின் கோபுரம் தெரிகிறது. மடம் எதுவும் கண்ணில் படவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். ஸ்கூலேயின் அந்தச் சொல்லையும் ஸ்னோர்ரியின் 'வெட்டக்கூடாது' என்பதையும் எழுதிவைத்தது ஒரே ஸ்துர்லாதான் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. இரண்டு நண்பர்கள், பதினாறு மாத இடைவெளி, இரண்டு வேறு நூல்கள். இரண்டு பேருக்கும் கடைசியாகப் பேச இடம் கொடுத்திருக்கிறார். ஸ்கூலே இறந்தபின் அவர் எழுதுவது இது: கடைசிக் காலத்தில் அந்தத் துரதிருஷ்டம் நேராமல் இருந்திருந்தால், நேரடி அரச வம்சத்தில் வராதவர்களில் இவரைவிட மேலான மனிதர் நார்வேயில் பிறந்ததில்லை என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அரசரின் பணத்தில், அரசரின் அவையில் வாசிக்கப்படுவதற்காக எழுதிய வரி ஆர்.!

ஸ்கூலேயின் தரப்பு கிடைக்காது என்றீர்கள். கிடைத்திருக்கிறது, எழுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் நின்று படிக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு அது இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு தோற்றவரைத் தேடிப் போயிருக்க மாட்டீர்கள். அந்த மனதை ஒரு தேய்ந்த வாசகத்திடம் அடகு வைக்காதீர்கள்.

சாகாவின் பிற்பாதியை முதலில் படியுங்கள், 1239-லிருந்து. குழந்தையும் பனியும் பிறகு ஆகட்டும். படித்துவிட்டு ஸ்கூலே துரோகியா என்று நீங்கள் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.