விரலில் குத்தி, உறிஞ்சுதாள் அட்டையில் துளியாக எடுத்துக் காயவைக்கும் ரத்தச் சோதனை, நரம்பில் எடுப்பதற்கு ஈடாகுமா?

எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பச்சிளங்குழந்தைகளின் தைராய்டு பரிசோதனைக்கும் ஹெச்ஐவி கண்டறிவதற்கும் அட்டை நன்றாகவே போதும். பொட்டாசியத்துக்கு ஆகாது; காயும்போது சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருப்பதெல்லாம் கலந்துவிடும். அணுக்களை எண்ணவும் முடியாது. இவற்றுக்கு நரம்பு ரத்தம்தான்.

அட்டையில் வரும் பிழை பெரும்பாலும் எடுக்கும் விதத்தில்தான். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். அடுத்த பெரிய துளி அட்டையில் அச்சிட்ட வட்டத்தை ஒரே தடவையில் நிரப்பி, அட்டையின் மறுபக்கம் வரை ஊற வேண்டும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறையும். துளிமேல் துளி வைத்தால் கூடும். வெயில் படாமல், கிடைமட்டமாக, குறைந்தது 3 மணி நேரம் காய வேண்டும். ஈரத்தோடு உறையிலிட்டால் மாதிரி வீண்.

ஆய்வகம் வெட்டியெடுப்பது பெரும்பாலும் 3 மி.மீ. வில்லை, சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம். சிவப்பணு விகிதம் கூடுதலாக இருந்தால் ரத்தம் குறைவாகப் பரவும், கணக்கு மாறும். எல்லையை ஒட்டிய முடிவு வந்தால், நரம்பு ரத்தத்தில் உறுதி செய்யாமல் மருந்தை மாற்றாதீர்கள்.