மொறிஸ் மைனர் 1000: பின்சில்லு ஒயில் கசிவும் பிறேக்கும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடுகிற மைனர் கார்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பதில்கள் 1956இல் வந்த மைனர் 1000க்கு உரியவை. முந்திய மொடல்கள் சிலவற்றின் அக்சில் (பின் அச்சு) அமைப்பு வேறு.

கேள்வி: அண்ணை, இடது பின்சில்லின்ரை உள்பக்கம் நனைஞ்சு கிடக்கு. கியர் ஒயிலோ பிறேக் ஒயிலோ எண்டு எப்பிடி அறியிறது?

பதில்: விரலில் தொட்டு மணந்து பாருங்கள். கியர் ஒயில் தடிப்பானது, கந்தக மணம் அடிக்கும். பிறேக் ஒயில் மெல்லியது, பெயின்ரைக் கிளப்பிவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். பிறேக் ஒயில் கரைந்துவிடும், கியர் ஒயில் மிதக்கும். கரைந்தால் அக்சிலில் கை வைக்க வேண்டாம், சில்லுச் சிலிண்டரின் றப்பரைப் பாருங்கள்.

கேள்வி: ஒயில் சீல் இரண்டு தரம் மாத்தியாச்சு. ஆறு மாதத்திலை திரும்பவும் ஒழுகுது. சாமான் தரமில்லையோ?

பதில்: சீலைக் குறை சொல்வதற்கு முன் பேப்பர் பக்கிங்கைப் பாருங்கள். இந்த அக்சிலில் ஒயில் வெளியே வர இரண்டு வழி உண்டு. ஒன்று, பெயாரிங்குக்குப் பின்னால் உள்ள சீல். அது போனால் பிறேக் தட்டும், ட்ரம்மில் உராய்ந்து பிடிக்கிற லைனிங்கும் நனையும். மற்றது, அக்சில் ஷாப்ட்டின் தட்டுக்கும் ஹப்புக்கும் (சில்லு பூட்டுகிற நடுப்பகுதி) இடையில் உள்ள பக்கிங். அது போனால் சில்லின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒயில் கோடு இழுத்திருக்கும்.

சீல் திரும்பத் திரும்பப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயாரிங் இறுக்கமாகப் பிடிபடாததுதான். ஹப்பில் பெயாரிங்குக்கு வெளிப்பக்கம் ஒரு ஸ்பேசர் வளையம் இருக்கிறது. ஷாப்ட்டின் தட்டு அந்த வளையத்தை அழுத்த, வளையம் பெயாரிங்கை ஹப்பின் படியோடு சேர்த்து நெரிக்க வேண்டும். அதற்கு, பக்கிங்கை வைத்த பிறகும் ஸ்பேசர் 0.001 முதல் 0.004 அங்குலம் வரை, அதாவது 0.025 முதல் 0.1 மி.மீ. வரை, வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நேரான இரும்பு விளிம்பை மேலே வைத்து பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்கலாம். நீட்டல் இல்லையென்றால் பெயாரிங் ஹப்புக்குள் ஆடும், ஹப் தள்ளாடும், சீலின் உதடு ஒரு பக்கமாகத் தேயும். நீட்டல் கூடினால் தட்டு பக்கிங்கில் படியாது, ஒயில் அதன் வழியே வரும். பக்கிங் தடித்தால் ஸ்பேசரின் நீட்டல் இல்லாமற்போகும். ஒழுக்கை நிறுத்தவென்று இரண்டு பக்கிங் போடுவதும் தடித்த மட்டையில் வெட்டிப் போடுவதும் இதனால்தான் பிழை. மெல்லிய பக்கிங் ஒன்றே போதும். ஓ-றிங் உள்ள ஹப் என்றால் அதையும் புதிதாகப் போடுங்கள்.

புதுச் சீலின் உதடு பெயாரிங் பக்கம் பார்க்க வேண்டும். அடிக்குமுன் உதட்டில் கிறீஸ் பூசுங்கள். சீல் உராய்கிற இடத்தில் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் எந்தச் சீலும் நிற்காது. அந்த இடத்துக்கு மெல்லிய இரும்பு உறை போட வேண்டும்.

கேள்வி: இடது ஹப் நட் அசையவே இல்லை. உளி வைச்சு அடிக்கலாமோ?

பதில்: வேண்டாம். இடது பக்க நட்டின் மரை இடங்கை மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழரும். பூட்டு வாசரின் மடிப்பை முழுவதும் நிமிர்த்திவிட்டு, சரியான அளவுச் சொக்கட்டும் நீண்ட குழாயும் போட்டுத் திருப்புங்கள். முன்சில்லுகளுக்கு அணை வைத்து, அக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் இந்த வேலை. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். வேலை செய்கிற பக்கத்தை மட்டும் உயர்த்தினால் ஒயில் மற்றப் பக்கம் ஓடிவிடும், ஷாப்ட்டை இழுக்கும்போது கொட்டாது.

கேள்வி: ஐயா, சீல், பக்கிங் எல்லாம் புதுசு. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் கசியுது.

பதில்: அக்சில் குழாயின் மேலுள்ள மூச்சுத் துளை சேற்றால் அடைபட்டிருக்கும். சூடேறிய காற்றுக்குப் போக வழியில்லாமல் ஒயிலைச் சீல் வழியே தள்ளுகிறது. கம்பி விட்டுத் துப்புரவாக்குங்கள். ஒயில் அளவையும் பாருங்கள்: கொள்ளளவு ஒன்றரை பைந்து, ஏறத்தாழ 0.85 லீற்றர், ஹைப்பொயிட் 90 கியர் ஒயில். கார் சமதளத்தில் நிற்க, மட்டத் துளையால் வழிந்து நின்ற பிறகே மூடியைப் போட வேண்டும். ஜக்கில் ஏற்றி நிரப்பினால் கணக்குப் பிழைக்கும்.

கேள்வி: நனைஞ்ச லைனிங்கைப் பெற்றோலிலை கழுவி எரிச்சால் சரிவருமோ?

பதில்: வராது. லைனிங் ஒயிலை உறிஞ்சிவிடும், சூடேறும்போது அது மீண்டும் மேலே வரும். மழையில் பிறேக் அடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம்தான் நனைந்தது என்றாலும் இரு பின்சில்லுகளுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். தூசைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டின பிறகு பிறேக் கீழை போய்த்தான் பிடிக்குது.

பதில்: முதலில் அட்ஜஸ்ட் செய்யுங்கள். ட்ரம்மில் உள்ள துளையால் ஸ்குறூட்றைவரை விட்டு, ட்ரம் பூட்டும்வரை வலமாகத் திருப்பி ஒரு பல் பின்னால் விடுங்கள். பின்சில்லுக்கு ஒரு அட்ஜஸ்டர், முன்சில்லுக்கு இரண்டு. அதற்கும் சரிவராவிட்டால் பிறேக் குழாய்களில் உள்ள காற்றை வெளியே எடுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் காரில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். பின் சிலிண்டர் பிறேக் தட்டின் துளையில் தாராளமாக நகர்கிறதா என்றும் பாருங்கள். துருவில் இறுகினால் லைனிங் ஒட்டிய சூ இரண்டில் ஒன்று மட்டுமே வேலை செய்யும்.

கேள்வி: பிறேக் ஒயில் விடுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளை தவறி எஞ்சின் ஒயில் விட்டுட்டம். வடிச்சால் போதுமோ?

பதில்: போதாது, காரை ஓட்டவே வேண்டாம். தாது எண்ணெய் பட்ட றப்பர் ஊதிவிடும். பெடலை விட்டாலும் பிறேக் விடாது, அல்லது திடீரென்று பிடிக்காது. மாஸ்டர் சிலிண்டரின் றப்பர்க் கப்புகள், நான்கு சில்லுகளின் றப்பர்கள், மூன்று றப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களை மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் கழுவி, உலர்த்தி, டொட் 4 பிறேக் ஒயில் விடுங்கள். றப்பர் பூட்டும்போது மண்ணெண்ணெய் பட்ட கையால் தொடாதீர்கள்.