வலிப்பு நின்றாலும் பயோட்டின் மாத்திரை நிற்கக் கூடாது

கேள்வி: என் நான்கு மாதக் குழந்தைக்கு வலிப்பு, முடி உதிர்வு, வாயைச் சுற்றிப் புண். தஞ்சாவூரில் பார்த்து, ‘பயோட்டினிடேஸ்’ குறைவு என்று தினம் 10 மி.கி. பயோட்டின் கொடுத்தார்கள். மூன்றே நாளில் வலிப்பு நின்றுவிட்டது. மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? நான் மாமன் மகனைக் கட்டியவள். அடுத்த குழந்தைக்கும் வருமா? (மன்னார்குடி வாசகி)

பதில்: நிறுத்தவே கூடாது, ஆயுளுக்கும் வேண்டும். பயோட்டின் ஒரு பி வைட்டமின். வேலை முடித்த பயோட்டினைப் புரதத் துணுக்கிலிருந்து கழற்றி, உடம்பு மறுபடி பயன்படுத்துகிறது. கழற்றித் தரும் நொதிதான் பயோட்டினிடேஸ். அதற்கான மரபணு 3ஆம் குரோமோசோமில் உள்ளது. அதன் இரு பிரதிகளும் பழுதானால் சாப்பாட்டில் வரும் பயோட்டின் போதாது. மூளையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து வலிப்பு வருகிறது. மாத்திரை பற்றாக்குறையை நிரப்புகிறதே தவிர, மரபணுவைத் திருத்துவதில்லை. முடியும் தோலும் தேறிவிடும். காது நரம்பும் கண் நரம்பும் கெட்டுப்போனால் பெரும்பாலும் திரும்பாது. ஆகவே இப்போதே ‘பெரா’ செவிச் சோதனையும் கண் சோதனையும் செய்துவிடுங்கள், பிறகு ஆண்டுதோறும். வலிப்பு மருந்து ஏதாவது எழுதியிருந்தால் அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாத்திரையை அவ்வப்போது பொடித்து, ஒரு பாலாடைத் தாய்ப்பாலில் கலந்து உடனே புகட்டுங்கள். சிரப்பாகக் கலக்கி வைத்தால் மருந்து அடியில் தங்கிவிடும், அளவு தவறும். கடையில் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள்: 10,000 மைக்ரோகிராம்தான் 10 மி.கி. பச்சை முட்டை ஆகாது. வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும். வேகவைத்தால் பயமில்லை. பெண் குழந்தையென்றால், பெரியவளாகும்போது பச்சை நாட்டுமுட்டை குடிக்கச் சொல்வார்கள். அன்றும் மறுத்துவிடுங்கள். தைராய்டு சோதனைக்கு ரத்தம் கொடுத்தால் பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சில சோதனை முறைகளில் பொய்யாகக் குறைந்து காட்டும்.

நொதிச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னால் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை, முடிவு மாறாது. முடிவைக் கெடுப்பது வெயில். சித்திரை வெயிலில் பஸ்ஸில் போன ரத்தத்தில் நொதி செத்துவிடும், நல்ல குழந்தைக்கும் குறைவென்று வரும். சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) பிரித்து உறையவைத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே உறவில்லாத நலமான ஒருவரின் மாதிரியும் போகட்டும். அதுவும் குறைவென்றால் மாதிரிதான் கெட்டிருக்கிறது. நொதியின் வேலைத்திறன் இயல்பில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கடுமையான குறைபாடு. 10 முதல் 30 வரை பகுதிக் குறைபாடு.

சொந்தத்தில் கட்டியதால் ஒரே பழுதை இருவரும் சுமக்க வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் குழந்தைக்கு வந்ததால் அது குறையவும் செய்யாது, அதிகரிக்கவும் செய்யாது. உங்கள் இருவரின் மரபணுச் சோதனையை இப்போதே முடித்து வையுங்கள். அடுத்த குழந்தை பிறந்த அன்றே ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் பயோட்டின் தொடங்கும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.