16 ஜிபி என்று விற்ற லெப்டொப்பில் 8 தான் இருக்கிறது: கேஸ் போடலாமா?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகம் போகும் மகளுக்காக ஹட்டன் டவுனில் ஒரு கடையில், கார்டில் 12 மாதத் தவணைக்கு, லெப்டொப் வாங்கியிருக்கிறார். கடை வட்ஸ்அப்பில் அனுப்பிய போஸ்டரில் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க். வீட்டில் போட்டுப் பார்த்தால் ரேம் 8, டிஸ்க் 476. கேட்டதற்கு "அப்படித்தான் காட்டும் டீச்சர்" என்று சிரித்திருக்கிறார்கள், அப்புறம் "கொழும்பில் கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லிச் சொல்லியே பத்து வாரம் ஓடிவிட்டது. பொறுமை போய் வேறொரு ரிப்பேர் கடையில் கழற்றிப் பார்த்தால் ரேம் பொருத்தும் ஸ்லொட் ஒன்று காலி. விற்ற கடைக்காரர் இப்போது, "திறந்தது நீங்கள், உள்ளே இருந்தது எங்கே போனதோ, வேண்டுமானால் பாதி விலைக்கு ஒரு ரேம் போட்டுத் தருகிறேன்" என்கிறார். பொலிஸுக்குப் போகலாமா, தவணையை நிறுத்தலாமா, மன உளைச்சலுக்கு நட்டஈடு கேட்கலாமா என்று டீச்சர் கேட்கிறார். பேஸ்புக்கில் கடையின் பெயரைப் போட்டு எழுதியும் விட்டாராம்.

டீச்சர், உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்கு வேண்டியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான்: வாங்கிய அன்று இரவே மகள் ஸ்கிரீனைப் படம் பிடித்து அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். கடைப் பையன் எப்படிப் பேசினான், மகள் எத்தனை நாள் அழுதாள் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். அதற்கு யாரும் காசு தரப்போவதில்லை.

முதலில் 476 ஐயும் விட்டுவிடுங்கள். டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணி 512 என்கிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுத்து 476 என்று காட்டுகிறது, பொருள் ஒன்றுதான். அமெரிக்காவில் இதற்காகவே வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது வழக்குப் போட்டார்கள், 2006 இல் அது சமரசமாக முடிந்தபோது வாங்கியவர்களுக்குக் கிடைத்தது ஓர் இலவச பேக்அப் மென்பொருள். அதைப் பிடித்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போனால் ரேம் விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் நியாயமும் சேர்ந்து அடிபட்டுப் போகும். கடைக்காரர் சிரித்தது இதற்காக என்றால் அவர் சொன்னது சரி, சிரித்த விதம்தான் பிழை.

ரேம் வேறு கதை. திரையில் 16 என்று காட்டி, பக்கத்தில் பயன்படுத்தக்கூடியது 15.3 என்றோ 13.9 என்றோ இருந்திருந்தால் உங்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், ஏனென்றால் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷின் படம் காட்டுவதற்கு ரேமில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். உங்களுடையதில் பொருத்தப்பட்டதே 8 என்று இருக்கிறது. பில்லில் மொடல் நம்பர் மட்டும்தான் என்று கவலைப்படுகிறீர்கள், ஆனால் விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது, அந்த விவரத்தைக் கடையே போஸ்டராக உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறது.

இனிதான் சிக்கல். வேறு கடையில் திறந்தீர்கள் பாருங்கள், என்னிடம் வரும் இந்த மாதிரி விவகாரங்களில் முக்கால்வாசி அங்கேதான் கவிழ்கின்றன. போனாகட்டும் டிவியாகட்டும் மோட்டராகட்டும், பிழை வந்ததும் தெரிந்த தம்பி ஒருவரிடம் "சும்மா பார்க்கச்" சொல்வார்கள், தம்பியும் நல்ல மனதோடு ஸ்டிக்கரைக் கிழித்துத் திறப்பார், உண்மை வெளியே வரும், அதே நிமிடம் அந்த உண்மையை நிரூபிக்கும் வழியும் அடைபட்டுவிடும். திறந்த பிறகு காலி ஸ்லொட்டைக் காட்டும் படம் நூறு இருந்தாலும், அது உங்கள் தம்பியின் மேசையில் காலியாக இருந்தது என்பதைத்தான் காட்டும். விற்ற இடத்தில் காலியாக இருந்ததா என்பதற்கு அது பதில் இல்லை. உங்களைக் காப்பாற்றக்கூடியது திறப்பதற்கு முன் பிடித்த படம், அதாவது அந்த முதல் இரவு மெசேஜ். படத்தை மட்டும் சேமித்து வைத்துவிட்டு அந்த வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். தேதியோடு, அனுப்பிய நம்பரோடு, அண்ணனின் போனிலும் மகளின் போனிலும் அது அப்படியே இருக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டு இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி இதெல்லாம் சான்றாக ஏற்கப்படும், ஆனால் புது போன் வாங்குகிறேன் என்று பழையதைக் கொடுத்துவிட்டு வந்தவருக்குச் சட்டம் என்ன செய்யும்?

இன்னொன்று பாருங்கள். லெப்டொப்பின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரைத் தயாரித்த கம்பனியின் இணையத்தளத்தில் போட்டால், பல கம்பனிகள் அது தொழிற்சாலையை விட்டு வரும்போது என்ன இருந்தது என்று காட்டும். 8 என்று வந்தால் உங்கள் கை ஓங்கிவிடும், ஏனென்றால் 8 ஜிபி போர்டிலேயே ஒட்டி ஒரு ஸ்லொட்டைக் காலியாக விட்டு வரும் மொடல்கள் நிறைய, கடைதான் இன்னொரு 8 போட்டுத் தருவதாக விளம்பரம் செய்துவிட்டுப் போடாமல் விட்டிருக்கிறது என்றாகும். 16 என்று வந்தால் யாரோ ஒன்றை எடுத்திருக்கிறார்கள். விற்ற கடையா, ரிப்பேர் கடையா என்ற கேள்விக்கு அப்போது அந்த வட்ஸ்அப் படம் ஒன்றுதான் பதில். இதைப் பார்க்காமல் எவரிடமும் போய் நிற்காதீர்கள்.

பத்து வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்க விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான், அதுவும் எழுத்தில். 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அது. சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துப் பேசினேன், குறித்துக்கொண்டார்கள் என்று நிம்மதியாக இருந்து நாளைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்களில் சிலருக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், "அடுத்த வாரம் வாங்க டீச்சர்" என்பது மரியாதையாகத்தான் கேட்கும். சமாதானம் பேசிக்கொண்டிருந்தாலும் கடிதத்தை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடு, பொருளை மாற்றிக் கொடு, நட்டஈடு கொடு என்று உத்தரவிட அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு, அதனால் கடிதம் போன பிறகு பேச்சும் கொஞ்சம் இனிமையாகும்.

பொலிஸ் வேண்டாம். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும், "பையன் போட மறந்துவிட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. தவணையை நிறுத்தவே வேண்டாம். வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தத்தில் ரேம் இல்லை, நிறுத்தினால் வட்டி ஏறி, கடன் தகவல் பணியகமான கிரிப்பில் பெயர் விழும், பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது இந்த லெப்டொப்பை நினைத்துக்கொள்வீர்கள். பேஸ்புக் பதிவை இன்றைக்கே எடுங்கள். அவதூறு 2002 க்குப் பிறகு குற்றம் இல்லை என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான், ஆனால் சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்க இன்னும் தடையில்லை, நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது நோட்டிஸ் உங்களுக்கு வருவது எவ்வளவு அநியாயம்.

கோர்ட்டுக்குப் போவதென்றால் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபை, அங்கே சரிவராமல் இணக்கமின்மைச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் வழக்கு. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் நீங்கள் லீவு போட வேண்டும், என் பீஸ் வேறு. அதனால் நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். பாதி விலை என்பதை இலவசம் என்று மாற்றக் கேளுங்கள், சீரியல் நம்பர் தேடலில் 8 என்று வந்த தாளையும் முதல் இரவு மெசேஜையும் காட்டினால் பெரும்பாலும் இறங்கி வருவார். தேடலில் 16 என்று வந்து, அவரும் இறங்கி வராவிட்டால், பாதி விலைக்கே போட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தரும் காசைவிட அது குறைவு.

ஆனால் மெஷினை வெறுங்கையோடு கொடுத்துவிட்டு வராதீர்கள். சீரியல் நம்பரும், கொடுக்கும்போது ரேம் 8 என்பதும் எழுதிய ஜொப் சீட் வாங்குங்கள். திருப்பி எடுக்கும்போது கவுண்டரிலேயே ஓன் பண்ணி 16 ஐக் கண்ணால் பார்த்து, புது ரேமுக்கும் மெஷினுக்கும் வொறண்டி தொடர்கிறது என்று பில்லில் ஒரு வரி எழுதி சீல் வைத்த பிறகு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடலாம். சில கடைகளில் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள்.