வாசகர் கேள்வி – பதில்: பழைய சிறு காரும் வன்னி வீதியும்

கடந்த இதழில் பழைய சிறு கார்களைப் பேணுவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மொறிஸ் மைனரைப் பற்றியவை. அவற்றுள் ஐந்தைத் தேர்ந்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, அப்பப்பாவின் 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. தொண்ணூறுகளில் அது மண்ணெண்ணெயில் ஓடிய கார். இப்போது இழுவை குறைந்து, ஒயிலும் குடிக்கிறது. யப்பான் எஞ்சினும் அகலமான ரயர்களும் போடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். பழையபடியே வைத்திரு என்கிறார் அப்பா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, எஞ்சினை மாற்றுவதா வேண்டாமா என்பதற்கு முன், அந்த எஞ்சின் பட்ட பாட்டை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெற்றோலை மருந்துபோலப் போத்தலில் அளந்து வைத்திருந்தோம். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, அங்கிருக்கும் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் பெயரிங்குகளைக் காப்பாற்றாது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவும், அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனும், மிகக் குறைவு என்பதால், எட்டரைக்கு ஒன்று என்ற அமுக்க விகிதமுள்ள அந்த எஞ்சின் பாரம் ஏறும்போதெல்லாம் தட்டிக்கொண்டே ஓடியிருக்கும். அப்படி ஓடியும் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்த எஞ்சின் அது என்பதை நான் மறக்க மாட்டேன். நீங்களும் மறக்க வேண்டாம்.

ஆகவே முதலில் சிலிண்டர்களின் அமுக்கத்தை அளவிடுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். நான்குக்கும் இடையிலான வேறுபாடு பத்து வீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு சிலிண்டர் மிகவும் குறைந்து நின்றால், பிளக் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது வளையம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம் இருக்க வேண்டும். இடைவெளி அற்றுப்போன வால்வு சரியாக மூடாமல் எரிந்துவிடும். பலர் வளையம் போய்விட்டது என்று எண்ணி எஞ்சினையே கழற்றிப்போடுவது இந்தச் சிறு காரணத்தால்தான். சிலிண்டர் தலையைக் கழற்ற நேர்ந்தால், வெளியேற்று வால்வுகளின் இருக்கைகளுக்குக் கடினப்படுத்திய வளையம் போட்டுக்கொள்ளுங்கள். 2002இலிருந்து இலங்கையில் ஈயம் கலக்காத பெற்றோலே விற்கப்படுகிறது. ஈயத்தை நம்பிச் செய்யப்பட்ட அந்த வார்ப்பிரும்பு இருக்கைகள் அது இல்லாமல் மெல்ல மெல்ல உள்வாங்கிவிடும்.

உங்கள் காரில் இருப்பது 1098 சிசி எஞ்சின். நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் டட்சன் சனியின் ஏ12, 1171 சிசி எஞ்சினாக இருக்கும். அது நல்ல எஞ்சின்தான். அதைப் பொருத்தி நிம்மதியாக ஓடுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் அதற்காகத் தாங்கிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். கியர்ப்பெட்டி இருக்கும் இடத்தில் தகட்டை வெட்ட வேண்டியும் வரலாம். வெட்டிய தகட்டைப் பழையபடி கொண்டுவருவது கடினம். கூடுதல் வலு வேண்டும் என்றே தோன்றினால், மைனரின் எஞ்சினுடைய அதே குடும்பத்தைச் சேர்ந்த 1275 சிசி எஞ்சினைத் தேடிப் பாருங்கள். அது ஏறக்குறைய அதே இடத்தில் அமரும், வேண்டாம் என்றால் திரும்பக் கழற்றிவிடலாம். எதைப் போட்டாலும் எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிந்துகொள்ளுங்கள். போரின் இறுதியில், 2009இல், எத்தனையோ குடும்பங்களின் வாகனங்கள் முல்லைத்தீவுக் கரையில் துருப்பிடித்துக் கிடந்தன; ஆவணங்களும் அவற்றோடு போயின. தப்பி வந்த ஒரு காரின் பதிவுப் புத்தகத்தில் பிழை நுழைய இடம் கொடுக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர் பிரேக். மைனரின் பிரேக் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டின் கீழே, உடலோடு ஒன்றான சட்டத் தகட்டின் உள்ளே ஒளிந்திருக்கிறது; கண்ணில் படாததால் யாரும் நினைப்பதில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஒரு திரவச் சுற்று மட்டுமே இருப்பதால், ஓரிடத்தில் கசிந்தால் மிதி முழுவதும் தரையில் போய் நிற்கும். மாங்குளத்துக்கு வடக்கே ஏ9 வீதியில் எனக்கு அது நடந்தது. சிலிண்டருக்குள் இருக்கும் இறப்பர்க் கிண்ணத்தை நான் ஆண்டுக்கணக்காக மாற்றாமல் விட்டிருந்தேன். கைப்பிரேக்கையும் கியரையும் கொண்டு மாட்டுக் கூட்டமொன்றுக்குச் சில அடி முன்னால் நிறுத்தினேன். அன்றிலிருந்து பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுமையாக மாற்றுகிறேன், ஏனெனில் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே துருவை உண்டாக்கும். எஞ்சின் ஒயிலை ஒருபோதும் அதற்குள் விடக் கூடாது, இறப்பர் ஊதிப்போகும். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரேக் சிலிண்டர்களும் இரண்டு சரிசெய்யும் திருகுகளும் உள்ளன. ஒன்றை மட்டும் திருகிவிட்டு மற்றதை மறந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லோரும் நிற்பதுதானே. அப்போது நான்கு சக்கரங்களின் நடுக்குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்தபடி நிற்கிறது, அல்லது பெயரிங் போகிறது.

அகல ரயரை நான் விரும்பவில்லை. 14 அங்குலச் சக்கரத்துக்கு 145 அல்லது 155 அகல றேடியல் ரயர் போதும். அதற்கு மேல் போனால் ஸ்ரியறிங் பாரமாகும். முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னும் விரைவில் தேயும். அந்தக் கிங்பின் மேலும் கீழும் திருகுமரை மூலம் பிடித்திருப்பது. கிறீஸ் இல்லாமல் கீழ்மரை தேய்ந்தால், ஒருநாள் சக்கரம் கழன்று காரின் கீழே மடிந்துவிடும். ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, பழைய கிறீஸ் வெளியே வரும்வரை புதிதை ஏற்றுங்கள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரவல் வீதியில் ஓடினால் அதற்கும் முன்னரே.

ஆகவே அப்பா சொல்வதை முதலில் கேளுங்கள். பிரேக்கும் முன் அச்சும் சரியான பிறகு நண்பர்கள் சொல்வதை யோசிக்கலாம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): சோளகக் காலத்தில் எனது கார் பத்துக் கிலோமீற்றர் ஓடியதும் கொதித்துவிடுகிறது. தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிடும்படி கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். தேர்மோஸ்ரற் என்பது எஞ்சின் சூடேறும்வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கும் வால்வு. அது இல்லாத எஞ்சின் காலையில் நீண்ட நேரம் குளிராகவே ஓடும். பெற்றோல் முழுமையாக ஆவியாகாமல் ஒயிலில் கலக்கும். மேலே சொன்ன மண்ணெண்ணெய்க் கேடு சிறிய அளவில் திரும்பவும் வரும். கொதிப்பின் காரணம் வேறெங்கோ இருக்கிறது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகப் படிந்திருக்கும் அதே சுண்ணாம்புதான் றேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் படிகிறது. நாம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். றேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, கீழ்க்குழாய் வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில் பாய்ச்சிக் கழுவுங்கள். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு றேடியேற்றரின் முகத்தைக் கையால் கவனமாகத் தடவினால், குளிர்ந்திருக்கும் பகுதியே அடைபட்ட பகுதி. பிறகு காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் மாரியில் கூரைவழி பிடித்த சுத்தமான மழைநீர் கிணற்றுநீரைவிட எவ்வளவோ மேல். காற்றாடிப் பட்டியின் இழுவிசையையும், தீப்பொறி நேரத்தையும் பாருங்கள். நேரம் பிந்தினாலும் எஞ்சின் கொதிக்கும். பழைய றேடியேற்றருக்கு முன்பிருந்ததைவிட அதிக அழுத்தமுள்ள மூடியைப் போட்டால் அது வேறொரு இடத்தில் பிளந்துகொள்ளும்.

செம்மண் புழுதியை மறக்க வேண்டாம். அது றேடியேற்றரின் செட்டைகளை அடைக்கும். காற்று வடிகட்டி வழியாக நுழைந்தால் சிலிண்டரை அரத்தால் உராய்வதுபோல் உராயும். அழகுக்காக வடிகட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த வாயுள்ள குழலைக் காபரேற்றரில் பொருத்தும் வழக்கம் இப்போது இளைஞர்களிடம் இருக்கிறது. நம் வீதிகளில் அது எஞ்சினுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

கேள்வி (வவுனியா): ஐயா, நான் பல்கலைக்கழக மாணவி. வீட்டிலுள்ள பழைய மைனரை நானே பராமரிக்க விரும்புகிறேன். அண்ணாவின் ஸ்பனர்ப் பெட்டி எந்த நட்டுக்கும் சரியாகப் பொருந்தவில்லை. எதை வாங்குவது?

பதில்: பிள்ளை, உங்கள் ஆர்வம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. அண்ணாவின் பெட்டி மில்லிமீற்றர் அளவினது. மைனரோ அங்குல அளவினது. 7/16 அங்குலம் என்பது 11.1 மில்லிமீற்றர், 11 ஸ்பனர் நுழையாது, 12 வழுக்கி நட்டின் மூலைகளை உருண்டையாக்கிவிடும். 1/2 அங்குலம் 12.7, அதனால் 13 ஓரளவு பிடிப்பதுபோல் ஏமாற்றும். 9/16 அங்குலத்துக்கு 14 சிறியது, 15 பெரியது. ஆகையால் 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று வளைய ஸ்பனர்களை நல்ல தரத்தில் வாங்கினால் எஞ்சின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். அவற்றோடு ஒரு இடைவெளி அளவுத் தகட்டுத் தொகுதி வாங்குங்கள். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பற்றவைப்பு வரிசை 1-3-4-2. மைனரிலுள்ள எஸ்யூ வகைக் காபரேற்றரின் மேல்மூடியைத் திருகி எடுத்து, உள்ளேயுள்ள தண்டில் மெல்லிய ஒயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றினால் அக்சிலரேற்றரை மிதிக்கும்போது கார் தயங்கும். காரின் கீழே போகும் நாளில் ஜாக்கை மட்டும் நம்பாமல், உறுதியான தாங்கிகளை வைத்துவிட்டே போங்கள்.

கேள்வி (மல்லாவி): புதிய ரேடியோவும் பிரகாசமான முன்விளக்கும் போட விரும்புகிறேன். என் காரின் பற்றரியில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், அரை நாள் வேலை. புதிய ரேடியோக்கள் எதிர்முனை உடலோடு இணைந்த காருக்கென்றே செய்யப்பட்டவை. பற்றரியைத் திருப்பி எதிர்முனையை உடலோடு இணைக்க வேண்டும். பற்றவைப்புக் கொயிலின் இரண்டு சிறு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பிறகு டைனமோவின் இரு வயர்களையும் கழற்றிவிட்டு, பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு வயரை அதன் எஃப் என்று குறித்த முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுத்தால் அது புதிய முனைமைக்குப் பழகிவிடும். எஸ்யூ பெற்றோல் பம்புக்குள் டயோட் இருந்தால் அதை இப்படித் திருப்பி இணைக்கக் கூடாது; பழைய வகையாயின் கவலையில்லை. டைனமோ தரக்கூடியது 22 அம்பியர்தான். 60 வோற் விளக்குகள் இரண்டு பத்து அம்பியரை எடுத்துவிடும். அந்த மின்னோட்டம் அறுபது வயதான சுவிச்சினூடாகப் போகாதபடி ஒரு றிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிச், போடுங்கள். எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு வேண்டாம்.

கேள்வி (முல்லைத்தீவு): கடற்கரையிலிருந்து அரை மைலில் வீடு. கார் துருப்பிடிக்கிறது. மேலே புதிதாகப் பெயின்ற் அடித்தால் போதுமா?

பதில்: போதாது. மைனருக்குத் தனியான சட்டம் இல்லை, உடலே சட்டம். கதவின் கீழுள்ள பெட்டித் தகடும், பின் வில்லுகள் தொங்கும் இடமும், முன் அச்சைத் தாங்கும் குறுக்குத் தகடும் உள்ளிருந்து உளுத்தால், மேலே எத்தனை பூச்சு இருந்தாலும் கார் வலுவிழந்துவிடும். ஒரு திருப்புளியின் பிடியால் அந்த இடங்களைத் தட்டிப் பாருங்கள்; கணீரென்ற சத்தம் வராமல் மந்தமாகக் கேட்டால், அங்கே வெட்டி நல்ல தகடு ஒட்ட வேண்டும். நாரும் பிசினும் வைத்து மூடிப் பெயின்ற் அடிப்பவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்த பிறகு பெட்டித் தகடுகளுக்குள் மெழுகோ ஒயிலோ விசிறுங்கள். வாடைக்காற்று தொடங்குமுன் கதவுகளின் அடியிலுள்ள சிறு துவாரங்களை ஒரு தென்னை ஈர்க்கினால் குத்தித் திறந்துவிடுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற அந்தத் துவாரங்களைவிட வேறு வழி இல்லை.