வெட்டிப் போட்ட சின்ன மரத்தை எல்லாம் கொளுத்தாம வேற என்ன பண்ணலாம்? கரிமூட்டம்னா என்ன?

நம்ம பள்ளிப்பட்டு, நகரி பக்கம் நிலத்தை சுத்தம் பண்ணினாலே பாதிக்கு மேல சீமைக்கருவேலம்தான் வரும், அதை குவிச்சு நெருப்பு வெச்சுட்டுப் போறவங்கதான் அதிகம், வயித்தெரிச்சலா இருக்கும்.

கரிமூட்டம்னா ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, காஞ்ச கட்டைய நெருக்கி அடுக்கி மேல தழையும் மண்ணும் போட்டு மூடி, காத்து கொஞ்சமா மட்டும் போற மாதிரி சின்ன ஓட்டை விட்டு நாள்கணக்குல புகைய விடறது. காத்து நல்லா கிடைச்சா கட்டை முழுசா எரிஞ்சு சாம்பலாயிடும், கிடைக்கலன்னா உள்ள இருக்கிற தண்ணியும் புகையும் வெளிய போயி கரி மட்டும் நிக்கும். ராத்திரி விறகடுப்புல கங்கு மேல சாம்பல போட்டு மூடினா காலைல வரைக்கும் அணையாம இருக்கும் பாருங்க, அதே கதைதான். சுமாரா 4, 5 கிலோ காஞ்ச விறகுக்கு 1 கிலோ கரி தேறும். மூட்டத்துக்குப் பக்கத்துல மட்டும் படுத்துடாதீங்க, அந்தப் புகை ஆளையே கொல்லும்.

நேரா வளர்ந்த சவுண்டல், தைலமரக் கழி இருந்தா கரியாக்காதீங்க, தக்காளிக்கு முட்டு குடுக்க, பந்தல் போட ஆகும். மெல்லிசு கிளைய நறுக்கி மரத்தடியில மூடாக்கா போட்டுடலாம் (முள்ளு இல்லாததா பாத்து). செம்மரக் கன்னு கண்ணுல பட்டா கைய வைக்காதீங்க, சொந்த பட்டா நிலமா இருந்தாலும் வனத்துறை அனுமதி வேணும்.

அப்புறம், சீமைக்கருவேலத்தை தரையோட வெட்டிட்டா செத்துடும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, இல்லீங்க, அடிக்கட்டைய வேரோட தோண்டி எடுக்கலன்னா அடுத்த மழைக்கே ஒண்ணுக்கு நாலா துளிர்க்கும்.